பல் டாக்டரும் ரிவர்ஸில் வராத படகும்

நம் பல் டாக்டரைக் கடல் கொல்லவில்லை. நம் படகுச் சங்கம் போட்ட ஒரு விதி கொன்றது. கொன்றதோடு விட்டோமா? அந்தச் சாவின் பழியைத் தூக்கி அவர் மனைவியின் தலையில் வைத்து, அதை ஒரு தாளில் அச்சடித்து, அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிப் பூட்டும் போட்டிருக்கிறோம். இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்வது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு வந்தேன். சொல்லிவிட்டேன். இனி முறைப்படி பேசுகிறேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, படகு வைத்திருப்பவர்களே, படகே இல்லாமல் டாக்டரிடம் பல் காட்டிய நன்றிக்காக வந்திருப்பவர்களே, உங்கள் கூட்டம்தான் இங்கே பெரிதாகத் தெரிகிறது, முன்வரிசையில் மகள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சியே, எல்லோருக்கும் வணக்கம்.

தங்கச்சி என்கிறேன். கூடப் பிறந்தவள் இல்லை. டாக்டரின் மனைவி. இந்தப் படகுத்துறையில் கட்டியிருக்கும் படகுகளில் பாதிக்கு மேல் அவள் கையால் தைத்த பாய்தான் காற்று பிடிக்கிறது. அவள் என்னை அண்ணே என்பாள். அந்த உரிமையில்தான் இங்கே நிற்கிறேன்.

என் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லை. நான் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். படகு ஓட்ட எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, நனைந்து நனைந்து கற்றுக்கொண்டவன். வாசலில் நின்று கேட்டதால் தலைவர் மனம் இரங்கி, பழைய சிநேகிதர் ஆயிற்றே, இரண்டு நிமிடம் பேசட்டும் என்றார். இரண்டு நிமிடத்தில் முடியாது. முடிகிற வரை பேசுவேன். பசிப்பவர்கள் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. உங்களுக்கு முடிகிறதா? பெருங்கடலைக் குறுக்கே கடந்த மனிதர். தரையே கண்ணில் படாமல் வாரக்கணக்கில் போய் வந்தவர். பாய்மரத்தின் உயரத்துக்கு அலை எழும்பும் இடங்களையெல்லாம் பார்த்தவர். அவர் எங்கே செத்தார்? நம் துறைக்குள். கையெட்டும் தூரத்தில் படகு கட்டும் மேடை இருந்தது. தண்ணீர் தொட்டித் தண்ணீர் போலக் கிடந்தது. நடை பழகும் குழந்தையைக் கூட்டிப்போகும் வேகத்தில் படகு நகர்ந்தது. அந்த வேகத்தில் ஒரு மனிதன் சாக முடியுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பல் தேய்க்கும்போது கேட்கிறேன். கடைசல் எந்திரத்தில் இரும்பைப் பொருத்திவிட்டு, ஓடவிட மறந்து நின்று கேட்கிறேன்.

டாக்டரைப் பற்றி உங்களுக்குப் புதிதாக என்ன சொல்ல? துறைத் தெருவில், வலைக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய மருத்துவமனை. காத்திருக்கும் அறையில் பத்திரிகைகள் கிடையாது, கடல் வரைபடங்கள்தான். பல் அச்சு எடுக்கும் மாவில் இரண்டு சின்னப் படகுகள் வார்த்து வைத்திருந்தார். ஒன்று அவர் படகின் வடிவம், ஒன்று என் படகின் வடிவம். நோயாளி வாய் கொப்பளிக்கும் தொட்டியை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, இரண்டையும் மிதக்கவிட்டு, வாயால் ஊதிக் காட்டுவார். அவருடையது நேராகப் போகும். என்னுடையது சுற்றும். நான் செய்து கொடுத்தால் இது மாறும் டாக்டர் என்பேன். வாயைத் திறங்க என்பார். வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவன் எப்படி எதிர்த்துப் பேசுவது? அவர் ஜெயித்த விவாதங்களில் பெரும்பாலானவை அப்படி ஜெயித்தவைதான்.

வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களில் மாலுமிகளுக்குப் பல்வலி வந்தால், கரைக்கு வர அனுமதி இல்லாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். டாக்டர் மருந்துப் பெட்டியோடு தன் படகில் போய், கப்பல் ஓரம் நிறுத்தி, ஆளை இறக்கி, படகின் அறையிலேயே உட்கார வைத்துப் பல் பிடுங்குவார். அலை ஆடும்போது பல் பிடுங்க முடியுமா? அவர் படகில் முடியும். அது ஆடுவதே தொட்டில் ஆடுவது போல. என் படகில் பிடுங்கியிருந்தால் பக்கத்துப் பல் வந்திருக்கும். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஒரு மாலுமியிடமும் அவர் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை.

அந்தப் படகைப் பற்றி நான் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். விளக்காவிட்டால் டாக்டர் எப்படிச் செத்தார் என்று படகு இல்லாதவர்களுக்குப் புரியாது. படகு இருப்பவர்களும் கேளுங்கள், உங்களுக்கும் புரியவில்லை என்பதால்தான் இன்றைக்கு இங்கே கூடியிருக்கிறோம்.

பாய்ப் படகு ஒவ்வொன்றுக்கும் தண்ணீருக்கு அடியில் ஒரு கீல் உண்டு. காற்று தள்ளும்போது படகு கவிழாமலும், பக்கவாட்டில் நழுவாமலும் பிடித்துக்கொள்ளும் கனமான பாகம். என் படகில் அது மீனின் துடுப்பு போல நடுவில் குறுகலாக ஒன்று இறங்கும். சுக்கான் அதோடு ஒட்டாமல் பின்னால் தனியாகத் தொங்கும். இப்போது வரும் படகுகள் பெரும்பாலும் அப்படித்தான். டாக்டருடையது பழைய முறை. முகப்பின் பக்கத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே நீளமாக, ஒரு சுவரைக் கட்டி இறக்கியது போன்ற கீல். அந்தச் சுவரின் கடைசியில் கதவு மாதிரி சுக்கான்.

அதில் என்ன லாபம்? ஒரு திசையைப் பிடித்துவிட்டால் அந்தப் படகு அதை விடாது. சுக்கானை விட்டுவிட்டு உள்ளே போய்ச் சோறு வடித்துவிட்டு வரலாம். நான் கண்ணால் பார்த்தேன், அவள் வடித்தாள். மிதக்கும் வலையோ கட்டையோ எதிர்ப்பட்டால் கீல் முதலில் வாங்கிக்கொள்ளும், பின்னால் இருக்கும் சுக்கானுக்குச் சேதம் வராது. ஒரு வருடத்துக்கான தண்ணீரும் அரிசியும் ஏற்றினாலும் முகம் சுளிக்காது. புயல் மிஞ்சினால் முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபக்கம் கட்டிவிட்டால், வாத்து உட்கார்வது போல உட்கார்ந்துவிடும். சுற்றிலும் கடல் கத்திக்கொண்டிருக்கும், உள்ளே தேநீர்க் குவளையை மேஜைமேல் வைக்கலாம்.

நஷ்டம்? அதையும் சொல்கிறேன். செத்தவர் என்பதற்காக மறைக்கப்போவதில்லை, அவரே மறைத்ததில்லை. மெல்லிய காற்றில் அது நகர்வதற்குள் தாடி வளர்ந்துவிடும். ஆமை என்று நாம் பெயர் வைத்தோம், டாக்டரே அலுவலகத்துக்கு வந்து, ஆமை வந்தாச்சு, ஓட்டப்பந்தயத்தை ஆரம்பிங்க என்பார். திரும்பச் சொன்னால் யோசித்துத்தான் திரும்பும். உள்ளே இடம் குறுகல், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டிலில் ஏற வேண்டும். கனம் என்றால் அப்படி ஒரு கனம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அது ரிவர்ஸில் வராது. என்ஜினைப் பின்னோக்கிப் போட்டால் வால் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிக்கும். சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் காதில் போட்டுக்கொள்ளாது. மூக்கை மட்டும் காற்று தன் இஷ்டத்துக்குத் தள்ளும். முன்னால் போகச் சொன்னால் உலகத்தையே சுற்றிவரும் படகு, பின்னால் வரச் சொன்னால் பத்தடி நேராக வராது.

என் படகு முச்சக்கர வண்டி மாதிரி பின்னால் வரும். அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நான் அவரை இத்தனை வருடமும் வாரிக்கொண்டிருந்தேன். அவரும் விடமாட்டார். உன் படகு முட்டை ஓடுடா, ஓங்கித் தும்மினா உடையும் என்பார்.

செயலாளர் அவர்களே, உங்களைக் குறிப்பிடாமல் நான் விடப்போவதில்லை. ஒருமுறை நீங்களும் உங்கள் மச்சானும் உங்கள் வேகப் படகில் வெளிக்கடல் போனீர்கள். மிதந்து வந்த கட்டையில் அடித்து சுக்கான் ஒடிந்தது. காற்று ஏறிவிட்டது. படகு பம்பரமாகச் சுற்றியது. வயர்லெஸ்ஸில் நீங்கள் கூப்பிட்ட குரலை இந்தத் துறையே கேட்டது. யார் வந்தார்கள்? ஆமை வந்தது. அந்த அலையில் கட்டி இழுக்க முடியாது என்பதால், பாயைக் குறுக்கே கட்டி, உங்கள் பார்வையிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. நீங்கள் நகர நகர அதுவும் பக்கத்திலேயே நகர்ந்தது. அலை தணிந்ததும் இழுத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கு அந்தப் படகைக் கையாண்டது யார்? டாக்டரா? டாக்டருக்கு எந்தப் பயணமானாலும் முதல் நாள் வாந்தி உண்டு. பெருங்கடலைக் கடந்தவருக்கு அது கடைசிவரை போகவில்லை. அன்றைக்கு அவர் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே படுத்திருந்தார். பாயை மாற்றியது, சுக்கானைக் கட்டியது, உங்களை விட்டு விலகாமலும் உங்கள்மேல் மோதாமலும் அந்தக் கனத்தை நிறுத்தி வைத்தது எல்லாம் இதோ இந்தத் தங்கச்சி. கரை ஏறியதும் நீங்கள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அக்கா, நீங்க மட்டும் வரலைன்னா நாங்க இன்னைக்கு மீனுக்குச் சாப்பாடு என்று அழுதீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் என்ன இருக்கிறது? சுக்கானில் இருந்தவரின் தவறான கையாளுதலால் விபத்து நேர்ந்தது என்று இருக்கிறது. கீழே யார் கையெழுத்து? அதே நீங்கள்.

நான் கோபத்தில் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். விதியிலிருந்து வருகிறேன்.

புது மிதவை மேடை கட்டினோம். நல்ல மேடைதான், நானும் சந்தா கொடுத்தேன். அதற்கு முன் டாக்டரின் படகு துறையின் வெளிச்சுவர் ஓரமாகக் கட்டியிருக்கும். முன்னோக்கி வரும், சுவரோடு ஒட்டி நிற்கும், முன்னோக்கியே கிளம்பிப் போகும். யாருக்கும் தொல்லை இல்லை. மேடை வந்ததும் நிர்வாகக் குழு ஒரு விதி போட்டது. எல்லாப் படகும் மேடையில்தான் நிற்க வேண்டும். வால் மேடையைத் தொட வேண்டும், மூக்கு வெளியே பார்க்க வேண்டும். அதாவது ஒவ்வொரு படகும் ரிவர்ஸில்தான் தன் இடத்துக்குள் போக வேண்டும். எதற்காக? பாதுகாப்புக்காகவா? இல்லை. மூக்கெல்லாம் ஒரே வரிசையாக நின்றால் தெருவிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகு படம் பிடித்து மாட்டப்பட்டு அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

டாக்டர் பொதுக்குழுவில் எழுந்து கேட்டார். என் படகு பின்னால் வராது, வெளிச்சுவரை எனக்கு விடுங்கள், இல்லாவிட்டால் மூக்கை உள்ளே விட்டு நிறுத்த அனுமதியுங்கள் என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார், எல்லாரும் ஒழுங்கா நிக்கும்போது உங்க படகு மட்டும் கோணல் பல்லு மாதிரி நிக்குமே டாக்டர். கூடம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

"கோணல் பல்லுன்னு நான் பிடுங்கறது இல்ல தலைவரே. மத்த பல்லை இடிக்குதான்னு மட்டும்தான் பார்ப்பேன்."

அதற்கும் சிரித்தோம். சிரித்துவிட்டு விதியைக் கைதூக்கி நிறைவேற்றினோம். யாரும் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அதன்பின் காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, கயிறு கட்டி இழுத்து இழுத்துத்தான் அவரும் அவளும் அந்த இடத்துக்குள் போனார்கள். மேடையில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள், நானும் அதில் ஒருவன், ஆமை படுக்கைக்குப் போகுது என்று வேடிக்கை பார்த்தோம். அது அவருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சமாக இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

இரண்டு பேரும் ஒரு நெடும்பயணம் முடித்துத் திரும்பினார்கள். காற்று குறுக்கே அடித்தது. நான் தண்ணீர் கேனோடு மேடையில் என் படகை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கயிறுக்காரர் எனக்கு முன்னால் போனார். வருகிற படகுகளின் கயிற்றை வாங்கிக் கட்டுவது அவர் வேலை. அவர் இடுப்பில் இருந்த வயர்லெஸ்ஸில் டாக்டரின் குரல் வந்தது. நான் என் காதால் கேட்டேன்.

"காத்து குறுக்க அடிக்குது. வெளிச்சுவர் காலியாத்தானே இருக்கு, தணியற வரைக்கும் அங்க ஓரமா நின்னுக்கட்டுமா?"

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

"அங்க சாயங்கால விழாவுக்கு அலங்காரம் பண்ணியாச்சு டாக்டர். உங்க இடத்துக்கே போங்க. எல்லாரும் போறாங்களே."

அந்தக் குரல் யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. சொந்தக்காரர் இந்த மேடையில்தான் இருக்கிறார், அவரே சொல்வார்.

திரும்பி வெளியே போய் நங்கூரம் போட்டுவிடலாமா என்று தங்கச்சி அவரைக் கேட்டிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றாராம். மறுபடியும் நம்மாலதான் தொந்தரவுன்னு பேசுவாங்க என்றாராம். கேட்டீர்களா? புயலுக்கு அஞ்சாத மனிதர், நம் பேச்சுக்கு அஞ்சினார்.

அவருடைய இடத்துக்கு அடுத்த இடம் என்னுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய நடைபாதை தண்ணீருக்குள் நீண்டிருக்கும். அதன் முனையில் ஓர் இரும்புத் தூண். தங்கச்சி சுக்கானில். டாக்டர் முகப்பில், கயிற்றோடு. மூக்குக் கயித்தை முதல்ல வாங்குங்க என்று கத்தினார். காற்று அந்தக் குரலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கயிறுக்காரர் நம் எல்லோருக்கும் எப்படிச் செய்வாரோ அப்படிச் செய்தார். வால் கயிற்றை எட்டி எடுத்து, இறுக்கி இழுத்து, கட்டினார். என் படகுக்கு அது சரி. வாலைக் கட்டினால் போதும், மீதியை என்ஜின் நேராக்கிவிடும். அந்தக் கனத்துக்கு அது சரியில்லை. வால் கட்டுண்டு நின்றது, மூக்கைக் காற்று பிடித்தது. கீல் ஏந்திய அந்த நீளம் முழுவதும் கதவு மூடுவது போல மெதுவாக என் படகின் பக்கம் திரும்பியது.

தன் படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் டாக்டர் முதலில் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. இடிச்சா இடிக்கட்டும், பெயின்ட் அடிச்சுக்கலாம், கையையும் காலையும் மட்டும் நடுவுல விடாதீங்க. எனக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறார். நாமெல்லாம் தினமும் காலால் எத்தித்தான் படகை நிறுத்துகிறோம். நம் படகுகள் அதற்குக் கேட்கும். அவர் படகு கேட்காது, அது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்த அளவு உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அவர் குதித்தார். நடைபாதை முனையில் குதித்து, தூணில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையாலும் தன் படகைத் தள்ளினார்.

ஏன்? என் முட்டை ஓட்டுக்காகவா? நான் கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். விடுங்க டாக்டர், இடிக்கட்டும் விடுங்க என்று கத்திக்கொண்டே ஓடினேன். கேட்டதா இல்லையா தெரியாது. படகுக்கும் தூணுக்கும் நடுவில் அவர் நசுங்கினார், சத்தமே வரவில்லை. ஒரு மனிதன் சாகும்போது ஒரு சத்தமாவது வர வேண்டாமா?

என் படகில் ஒரு கீறல்கூட இல்லை. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை, அதன் அருகே என்னால் போக முடியவில்லை.

சுக்கானில் இருந்தவளுக்கு முகப்பு தெரியாது, நடுவில் அறை மறைக்கும். அவள் என்ஜினை நிறுத்தினாள். ஏங்க, கட்டிட்டீங்களா என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

அந்தச் சாயங்காலமே படகை இழுத்துக்கொண்டு போய் எங்கே கட்டினார்கள் தெரியுமா? வெளிச்சுவரில். தோரணங்களை அவிழ்த்துவிட்டு, அதே சுவரில். உயிரோடு கேட்டபோது கிடைக்காத இடம் கிடைத்துவிட்டது. மறு வாரம் கண்ணாடிப் பெட்டியில் தாள் வந்தது. சுக்கானில் இருந்தவர் மேல் தவறு. இனி நீளக் கீல் படகுகளுக்கு இந்தத் துறையில் இடமில்லை, மாத முடிவுக்குள் படகை அகற்ற வேண்டும். கயிறுக்காரரை, மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இறந்தவர் சங்கத்தின் தூண் என்று மட்டும் கடைசி வரியில் இருக்கிறது. தூண் என்கிற சொல்லை அங்கே எழுத யாருக்கு மனம் வந்தது?

தங்கச்சி பாய் தைக்கும் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தையல் எந்திரத்தில் பாதி ஓடிய பாய் அப்படியே கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாளில் இருப்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

"படகு நின்னதும், நல்லா நின்னுடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன் அண்ணே. அவர் அங்க நிக்கறாருன்னு தெரியாது. நான்தான் கொன்னுட்டேனா?"

இரங்கல் கூட்டம் நடக்கும், ஊரைக் கூட்டி வைத்துப் பதில் சொல்கிறேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். இப்போது சொல்கிறேன், எல்லோரும் கேட்கச் சொல்கிறேன்.

இல்லை, தங்கச்சி. வால் கட்டப்பட்டு நகராமல் நிற்கும் படகில் சுக்கானுக்கு வேலையே கிடையாது. தண்ணீர் ஓடினால்தான் சுக்கான் பேசும். நீ அதை இடப்பக்கம் திருப்பியிருந்தாலும் வலப்பக்கம் திருப்பியிருந்தாலும் கழற்றிக் கடலில் எறிந்திருந்தாலும், அந்தப் படகு அதே இடத்துக்குத்தான் அதே வேகத்தில் போயிருக்கும். இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரியும். படகு ஓட்டுகிற எவரும் இல்லை என்று சொல்ல முடியாது. சொல்கிறவர் இருந்தால் இப்போதே கையைத் தூக்கட்டும். காத்திருக்கிறேன்.

யாரும் தூக்கவில்லை. மகளே, அம்மாவை நிமிர்ந்து பார்க்கச் சொல்.

டாக்டரும் பிடிவாதக்காரர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது முணுமுணுக்க வேண்டாம். மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் சின்ன மோட்டார் ஒன்று இருக்கிறது, அதைப் பொருத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நானே சொன்னேன், என் பட்டறையிலேயே செய்து தருகிறேன் என்றேன். நல்ல பல்லுல ஓட்டை போடச் சொல்றியா என்றார். சரி, அது அவருடைய குறை என்றே வைத்துக்கொள்வோம். அதற்குத் தண்டனை இதுவா? காலியாகக் கிடந்த ஒரு சுவரில், காகிதக் கொடிகளுக்குக் கொடுத்த இடத்தை அவருக்குக் கொடுத்திருந்தால், இன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் அடைக்க வேண்டிய நாள். அவர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் உறுதி எடுத்தார்கள். எந்தப் பணியை, யார், எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பெட்டியின் சாவி செயலாளரிடம் இருக்கிறது. இந்தக் கூட்டம் கலைவதற்குள் அவர் அதைத் திறந்து அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். நாளைக்கு வேறொன்றை எழுத வேண்டும், அதில் டாக்டர் வெளிச்சுவரைக் கேட்டதும் மறுக்கப்பட்டதும் இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் அதைப் பாய் தைக்கும் கூடத்துக்கு எடுத்துப்போய் அவள் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். அவள் சரி என்றால் ஒட்டலாம்.

நிர்வாகக் குழு, வாலை உள்ளே விடும் விதியை எடுக்க வேண்டும். படகு எப்படி வரத் தெரிந்ததோ அப்படி வந்து நிற்கட்டும். வெளிச்சுவர் பின்னால் வரத் தெரியாத படகுகளுக்கு. தோரணம் கட்டத் தெருவில் விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. நீளக் கீல் படகுகளுக்கான தடையும் போக வேண்டும்.

துறை மேலாளர் நாளைக் காலை கயிறுக்காரரின் வீட்டுக்கே போய் அவரைக் கூட்டிவர வேண்டும். எந்தப் படகுக்கு எந்தக் கயிறு முதலில் என்று அவருக்கு நாம் யாருமே சொன்னதில்லை. ஒவ்வொரு படகுக்காரரும் அவரைத் தன் படகில் ஏற்றிச் சொல்லிக் காட்ட வேண்டும்.

படகு வைத்திருக்கும் நாம் எல்லோரும், காலால் எத்தி நிறுத்துவதை இன்றோடு விட வேண்டும். இடிக்கட்டும்.

வெளியே நிற்கும் கப்பல்களில் இப்போதும் இரண்டு மாலுமிகள் பல்வலியோடு கிடக்கிறார்கள். மேல்தெருவிலிருந்து வந்திருக்கும் இளைய பல் டாக்டர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வர வேண்டும், கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. படகு ஆடும், தம்பி, மன்னிக்கணும்.

ஆமையை விற்பதா, வைத்திருப்பதா, பாய் விரித்துப் போய்விடுவதா, அதைத் தங்கச்சி முடிவு செய்வாள். அதில் நாம் யாரும் யோசனை சொல்லக் கூடாது, நானும்தான். அவசரமும் இல்லை.

தலைவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வயர்லெஸ்ஸில் பதில் சொன்னது யார் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். மைக்கை நான் அணைக்கவில்லை. வாருங்கள், தலைவரே.